கேஸ்ட்ரிக் பேண்ட் நன்றாகத்தான் இருக்கிறது, ஊசி போடத்தான் ஆள் இல்லை

எடை குறைக்க என் வயிற்றில் வைத்த பேண்டுக்கு ஊசி போடுகிற வாசல்தான் போர்ட். போன மாதம் அது கவிழ்ந்துபோய், திருப்பித் தைத்துக்கொண்டு வந்தேன். தையல் பிரிப்பதற்குள் பழைய அலுவலகத் தோழி ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, எடைக்கு ஊசி போட்டுக்கிறதா, ஸ்லீவ் பண்ணிக்கிறதா, இல்ல உங்களை மாதிரி பேண்ட் வச்சுக்கிறதா? பேண்ட்னா, பிடிக்கலன்னா எடுத்துடலாம்ல?" என்று கேட்டாள். ஸ்லீவ் என்றால் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் அறுவை. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. வலியும் இருந்தது, கோபமும் இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இதைத் தேடி வருகிறவர்களுக்குப் பேண்ட் என்றால் என்ன என்று தெரிந்திருக்கும். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி ஒரு சிலிகான் வளையம், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாயின் முனையில் தோலுக்கு அடியில் வயிற்றுத் தசையின் உறையோடு சேர்த்துத் தைத்த போர்ட். போர்ட்டில் உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். 2010-இல் மும்பையில்தான் செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு. குறைந்தபட்சமாக 81 வரை இறங்கினேன். இப்போது 86. மூச்சடைப்பு போய்விட்டது, சர்க்கரைக்கு ஒரே மாத்திரை. செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் நடுவில் நிற்காமல் ஏறுகிறேன். இதெல்லாம் பேண்ட் கொடுத்தது.

ஆனால் எனக்குப் பெரிய ஆச்சரியம் எடை இல்லை, பசி அடங்கியதுதான். முன்பெல்லாம் மதியச் சாப்பாடு முடித்த கையோடு அடுத்து என்ன என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். சாயங்காலம் சிஎஸ்எம்டியில் ரயிலுக்கு நிற்கும்போது வடாபாவ் கடைப் பக்கம் கால் தானாகப் போகும். பேண்டை ஒரு அளவுக்கு இறுக்கிய பிறகு அந்தத் தேடல் நின்றுபோனது. ஒரு கிண்ணம் பருப்புச்சோறு, கொஞ்சம் பொரியல், அதோடு சரி. சாயங்காலம் வரை சாப்பாட்டு நினைப்பே வராது. வாழ்நாள் முழுக்க உடம்பு பெருத்தே இருந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும்.

அந்த அளவு எப்படி அமைகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் புகார் முழுவதும் அதைப் பற்றித்தான். படுக்க வைப்பார்கள். தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்வார்கள், அப்போது வயிற்றுத் தசை இறுகி போர்ட் மேலே தட்டுப்படும். டாக்டர் இரண்டு விரலால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஊசியை இறக்குவார். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று இழுத்துப் பார்த்து, அரை மில்லி கூட்டுவார் அல்லது குறைப்பார். பிறகு உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள். தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்குவது நமக்கே தெரியும். சட்டென்று இறங்கினால் தளர்வு, நெஞ்சில் நின்றால் இறுக்கம். என் பேண்ட் 10 மில்லி கொள்ளும் ரகம். அதில் 6 மில்லி இருந்தால் சோறு இறங்கும். 6.5 ஆனால் கஞ்சியோடு சரி. அரை மில்லிதான் வித்தியாசம்.

நல்ல கையில் இது ஐந்து நிமிட வேலை. சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. வாந்தி நிற்கவில்லை, தண்ணீர்கூடத் தங்கவில்லை. இரவு டியூட்டியில் இருந்த சர்ஜனிடம் வீட்டுக்காரர், பேண்ட் விவரம் எழுதிய என் கார்டைக் காட்டினார். அவர் போர்ட்டில் ஊசியைப் போட்டு உப்புநீர் முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டார். எடுத்த கையோடு எலக்ட்ரால் குடித்தேன், தங்கியது. காய்ச்சல் விட்டு, தெம்பு வந்த பிறகு மறுபடி ஏற்றிக்கொண்டேன். கர்ப்ப காலத்திலும் இப்படித் தளர்த்தி வைக்க முடியும். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள், அது திரும்பி வராது. தேவைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம் என்பதில் பேண்டுக்கு ஈடே இல்லை.

சாப்பாட்டுத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் பேண்ட் இறுக்கமாக இருக்கும், காபி தவிர எதுவும் இறங்காது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. பாவ், பரோட்டா, குழைந்து ஒட்டுகிற சோறு, நார் இறைச்சி எல்லாம் எதிரி. சிக்கிக்கொண்டால் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு முட்டு முட்டும். வாயில் உமிழ்நீர் நுரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் குடித்துத் தள்ளலாம் என்றால் அந்தத் தண்ணீரும் மேலேயே நிற்கும். எழுந்து நடக்க வேண்டும், தானாக இறங்கும் அல்லது வெளியே வரும். மாட்டுங்காவில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் பந்தியில் மதினிகள் விடமாட்டார்கள். "என்ன, இலையில வச்சது அப்படியே இருக்கு? உடம்புக்கு ஆகலையா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், அதனால்தான் கஷ்டம். எங்கள் திருநெல்வேலிச் சொதி மட்டும் என்னைக் கைவிடவே இல்லை. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் கொஞ்சம் சோற்றோடு இதமாக இறங்கிவிடும். ஆனால் ஐஸ்கிரீமும் ஸ்ரீகண்டும்கூட அதே இதத்தோடு இறங்கிவிடும். வழுக்கிக்கொண்டு போவதைப் பேண்ட் தடுக்காது. இது அதன் உண்மையான பலவீனம், எந்த டாக்டரும் இதை முதலில் அழுத்திச் சொல்வதில்லை.

இதெல்லாம் பழகிவிடும். எனக்குப் பழகாதது ஊசிக்கு அலைவதுதான்.

எனக்கு அறுவை செய்த சர்ஜன் வெளிநாடு போய்விட்டார். அந்த ஆஸ்பத்திரியில் பேண்ட் பார்க்கிறவர்கள் இப்போது யாரும் இல்லை. வேறு இடங்களில் கேட்டால், "இதெல்லாம் இப்ப யாரும் வைக்கிறதில்லையே, எடுத்துட்டு ஸ்லீவா மாத்திடலாமா?" என்பதுதான் முதல் பதில். நான் போனது அரை மில்லிக்கு. என் கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 2011-இல் நடந்த எடைக் குறைப்பு அறுவைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பேண்ட். 2018-இல் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. வளையம் நழுவுவது, இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போவது, உணவுக்குழாய் விரிவது என்று பிரச்சினைகள் வந்தன. பலருக்கு எதிர்பார்த்த அளவு எடையும் குறையவில்லை. பேண்டையே பார்க்காமல் படித்து வந்த இளம் டாக்டரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் உடம்புக்குள் வைத்ததை உடம்போடு இருக்கும் வரை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? எங்கள் வீட்டு மிக்சிக்கு இன்னும் செம்பூரில் பிளேடு மாற்றித் தருகிறார்கள்.

ஒரு கிளினிக்கில் சாதாரண ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த இடத்திலேயே நிறுத்தினேன். போர்ட்டின் நடுவில் இருப்பது தடித்த சிலிகான். அதற்கு ஹியூபர் ஊசிதான் போட வேண்டும். அதன் நுனி லேசாக வளைந்திருக்கும், சிலிகானைச் சீவி எடுக்காமல் விலக்கிக்கொண்டு போகும், வெளியே வந்ததும் துளை தானாக மூடிக்கொள்ளும். சாதாரண ஊசி சிலிகானைத் துண்டாகக் கிள்ளி எடுத்துவிடும். அப்புறம் உப்புநீர் கசியும், கசிந்தால் போர்ட்டையே மாற்ற வேண்டும். இன்னொரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் "அந்த ஊசி நம்மகிட்ட இல்லையே" என்றார். புற்றுநோய் வார்டில் கேட்டுப் பாருங்கள் என்றேன். கீமோ போர்ட்டுக்கும் இதே வகை ஊசிதான். ஓடிப்போய் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு நானே பிரின்சஸ் ஸ்ட்ரீட் சர்ஜிகல் கடையில் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். பாக்கெட்டின் மேல் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்த பிறகுதான் படுப்பேன்.

இந்த முறை அதற்கும் வழி இல்லாமல் போனது. பசி பழையபடி எட்டிப் பார்க்க ஆரம்பித்ததால் கொஞ்சம் இறுக்கலாம் என்று போனேன். ஊசி இறங்கவில்லை, கெட்டியாக எதிலோ போய் இடித்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் போர்ட் கவிழ்ந்து கிடக்கிறது. தசையோடு தைத்திருந்த தையல் விட்டு, முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பேண்டின் நிலையையும் அதே படத்தில் நானே பார்த்தேன். முதுகெலும்புக்கும் வளையத்துக்கும் இடையிலான கோணம் 4 முதல் 58 டிகிரிக்குள் இருந்தால் சரி. வளையம் சாய்ந்து ஒரு கோடு மாதிரி தெரிய வேண்டும், வட்டமாகத் தெரிந்தால் நழுவியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். என்னுடையது கோடாகத்தான் இருந்தது. பேரியம் குடித்துப் பார்த்ததிலும், எண்டோஸ்கோபியிலும் குறை இல்லை. பேண்ட் ஒழுங்காக வேலை செய்கிறது, கெட்டது அதன் வாசல் மட்டும்தான்.

அங்கேயும் "எடுத்துடலாமே" என்றார்கள். எடுத்தால் போன எடை பெரும்பாலும் திரும்பி வரும் என்று அவர்களே சொன்னார்கள். வளையத்தைச் சுற்றித் தழும்பு கட்டியிருக்கும், அதனால் அடுத்த அறுவை கொஞ்சம் சிக்கலாகும் என்றும் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன், போர்ட்டை மட்டும் திருப்பித் தைத்துக் கொடுங்கள் என்றேன். தைத்தார்கள். செலவு என் கையிலிருந்துதான் போனது. இன்சூரன்ஸோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன் தங்கச்சி. என்னிடமிருந்து இதை யாரும் பிடுங்க விடமாட்டேன். ஆனாலும் மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான், நீ வைத்துக்கொள்ளாதே. பேண்டில் இருக்கும் ஒரே பெரிய சிறப்பு அதைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது. அதைச் செய்யும் கைகள் நம் ஊரில் அருகிக்கொண்டே வருகின்றன. நீ இன்றைக்கு வைத்தால் இன்னும் பதினைந்து வருஷம் கழித்து யாரிடம் போய் நிற்பாய்? பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்பதும் பாதி உண்மைதான். எடுக்கலாம், ஆனால் அதற்கு ஒரு அறுவை, அப்புறம் திரும்பி வரும் எடை. நீ கேட்ட எடை குறைக்கும் ஊசிகள், மவுஞ்சாரோவும் வெகோவியும், 2025-இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. உன் சர்க்கரை டாக்டரிடம் முதலில் அதைப் பேசு. நிறுத்தினால் எடை ஏறுமா, எத்தனை காலம் போட வேண்டும், மாதம் எவ்வளவு ஆகும் என்று வாயைத் திறந்து கேள். அது ஒத்துவராது என்றால் ஸ்லீவ் பற்றி யோசி.

ஏற்கனவே பேண்ட் வைத்திருக்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேண்டின் பெயர், மொத்தக் கொள்ளளவு, இப்போது உள்ளே எத்தனை மில்லி, கடைசியாக யார் ஏற்றினார்கள் என்று ஒரு கார்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும். வாந்தி நிற்காவிட்டால் முதலில் பேண்டைத் தளர்த்தச் சொல்லிக் கேளுங்கள். பல நாள் வாந்தி என்றால் வைட்டமின் பி1 குறையும், அது நரம்பைப் பாதிக்கும், அதையும் நினைவுபடுத்துங்கள். எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் பேண்ட் இருப்பதைச் சொல்ல வேண்டும், பட்டினி இருந்தாலும் வளையத்துக்கு மேலே இருக்கும் இரைப்பைப் பகுதியில் உணவு தேங்கியிருக்கலாம். வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சில வகைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். பெரிய மாத்திரையை உடைக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள், மெதுவாகக் கரைகிற வகையை உடைக்கக் கூடாது.

மும்பையில், நவி மும்பையிலோ தானேயிலோகூட, பேண்டுக்கு நிதானமாக ஊசி போடுகிற டாக்டர் யாரையாவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். தையல் ஆறியதும் அரை மில்லி ஏற்ற வேண்டும், ஊசி என்னிடமே இருக்கிறது.