அம்மாவின் அழைப்பு மணி: வைஃபையா, 433 மெகாஹெர்ட்ஸா?

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா கீழ்த்தளத்தில்தான் படுக்கிறார். பெரம்பூர் வீட்டில் நாங்கள் மாடியில், கூப்பிட்டால் கேட்காது. பட்டனை அழுத்தினால் மேலே குரல் ஒலிக்கும்படி இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன்.

ஒலிக்கும் பகுதி இரண்டிலும் ஒன்றே: டிஎஃப்பிளேயர் மினி (மெமரி கார்டில் உள்ள பதிவை ஒலிக்கும் சின்ன போர்டு), மெமரி கார்டு, சின்ன ஸ்பீக்கர். பஸ்ஸர் வைத்தால் குக்கர், காலிங் பெல் சத்தத்தோடு குழம்பும். அதனால் "பாட்டி கூப்பிடுறாங்க" என்று என் மகன் குரலையே பதிந்தேன். பாகங்கள் எல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.

முதலில் செய்தது இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப், வீட்டு வைஃபை வழி. போனுக்கும் செய்தி வரும், வசதிதான். ஆனால் இணைய இணைப்பை மாற்றியபோது பாஸ்வேர்டும் மாறியது. பட்டன் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அன்று இரவு அம்மா அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் நான் இறங்கி வந்தபோதும் பட்டன் அவர் கையில்தான் இருந்தது.

பராமரிப்பே இல்லாமல் ஓட வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். வைஃபை இல்லாமல் நேரடி ரேடியோ சிக்னல்: 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், சிக்னலைக் குறியீடாக மாற்றும் எச்டி12இ ஐசி, 9 வோல்ட் பேட்டரி. பட்டனை பேட்டரி வயரிலேயே போட்டுவிட்டேன். அழுத்தும்போது மட்டும்தான் கரண்ட் போகும். மாடியில் ரிசீவர், அந்தக் குறியீட்டைப் படிக்கும் எச்டி12டி ஐசி. சிக்னல் வந்ததும் ஒரு டிரான்சிஸ்டர் டிஎஃப்பிளேயரின் ஏடிகீ1 பின்னை கிரவுண்டோடு சேர்க்கும், முதல் பதிவு ஓடும். புரோகிராமும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. ஆன்டெனாவுக்கு மட்டும் 17.3 செ.மீ. வயரை இரு பக்கமும் சால்டர் செய்யுங்கள். அது இல்லாதபோது எங்கள் கான்கிரீட் தளத்தைத் தாண்டவே இல்லை. இந்த ஐசிகளில் முகவரிப் பின்கள் 8, அதாவது 256 விதமான குறியீடுகள். எல்லாவற்றையும் காலியாக விடாமல் ஏதாவது ஒன்றை இரு பக்கமும் ஒரே மாதிரி மாற்றி வையுங்கள்.

ஒரு குறை உண்டு. சிக்னல் போய்ச் சேர்ந்ததா என்று பட்டனுக்குத் தெரியாது. இஎஸ்பி சிப்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசும் இஎஸ்பி-நௌ முறையில் அது தெரியும், ரௌட்டரும் வேண்டாம். அதை மேசையில் வைத்து இரண்டு நாள்தான் ஓட்டினேன். அதை வைத்து உறுதியாகப் பரிந்துரைக்க முடியாது. 433-உம் எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலத்தைத்தான் பார்த்திருக்கிறது.

அந்தக் குறைக்காக அம்மா தினமும் படுக்கும் முன் ஒருமுறை அழுத்துவார். மேலே குரல் ஒலித்ததும் பையன் படிக்கட்டில் நின்று, "கேட்டுச்சு பாட்டி!" என்பான். அப்புறம்தான் விளக்கை அணைப்போம்.