நீலகிரி ஏற்றமும் என் பின் சக்கரத்துப் போக்ஸ் கம்பிகளும்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று சில வருடங்களாக ஒரே ஹைபிரிட் சைக்கிளைத்தான் ஓட்டுகிறேன். கியர், செயின், டயர் பற்றிப் பெரிய புகார் இல்லை. படுத்தி எடுத்தது பின் சக்கரம். அதிலும் பல்சக்கரம் இருக்கும் வலது பக்கத்துப் போக்ஸ் கம்பிகள்.

உடைந்ததெல்லாம் ஒரே இடத்தில்தான். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் ஓட்டைக்குள் கம்பி வளைந்து நுழையும் கழுத்தில். பள்ளத்தில் விட்டதால் உடைந்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது மெதுவாக நடக்கும் வேலை. சக்கரம் சுற்றும்போது தரைப் பக்கம் வரும் கம்பி சற்றுத் தளர்ந்து, மேலே போகையில் மறுபடி இறுகும். 700 அளவு சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 470 முறை சுற்றுகிறது. கம்பி தொய்வாக இருந்தால் கழுத்து ஆடி ஆடி, ஒரு நாள் ‘டிங்’. ஏற்றத்தில் உடம்பு எடை பெரும்பாலும் பின்னால் சாய்கிறது; நான் கேரியரில் உழவர் சந்தை உருளைக்கிழங்கு, கேரட் வேறு ஏற்றுகிறேன்.

வலது கம்பி போனால் ரிம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு பிரேக் கட்டையில் உரசும். உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, உடைந்ததற்கு இரு புறமும் உள்ள இடது பக்கக் கம்பிகளின் நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்னத் திருகு) கால் சுற்று, அரைச் சுற்று என்று தளர்த்தினால் கோட்டம் ஓரளவு அடங்கும். சின்ன நிப்பிள் சாவி ஒன்று பையில் இருந்தால் போதும். சமவெளிக்காரர்கள் பின் பிரேக்கைக் கழற்றிவிட்டு வீடு சேர்ந்துவிடலாம் என்பார்கள். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதோ அந்த யோசனையே வேண்டாம். தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது வருகிற பிக்கப் வண்டியைக் கை காட்டி நிறுத்துங்கள்.

இடது பக்கக் கம்பியை வீட்டிலேயே மாற்றிவிடலாம். வலது பக்கத்துக்கு, பல்சக்கரங்கள் இருக்கும் ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும். என்னுடையது மரை போட்டுத் திருகும் வகை. மிதிக்க மிதிக்க இறுகும். மலையேறிய வண்டியில் கேட்கவே வேண்டாம். ஸ்பேனரில் இரும்புப் பைப்பைச் செருகி, இரண்டு பேர் பிடித்துத்தான் அசைந்தது. கம்பியின் விலை டீ காசு. கூலியும் அலைச்சலும்தான் அதிகம். பின் சக்கரத்தில் வலது கம்பி இடதைவிட ஓரிரு மில்லிமீட்டர் குட்டையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அளவைக் குறித்துக்கொண்டு, அதே நீளத்தில் இரண்டை ஃபிரேமில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒன்று மாற்றினால் அடுத்தது, அது மாற்றினால் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் கம்பிகளை விரலால் தட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கம்பி மேல தப்பில்லைங்க தம்பி, கட்டுனதுதான் சரியில்ல. எல்லாமே ஒரே வயசு. ஒண்ணொண்ணா போயிட்டேதான் இருக்கும்.” ஒரே பக்கத்துக் கம்பிகள் தட்டினால் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். என் சக்கரத்தில் ஆளுக்கொரு சத்தம்.

32 கம்பிச் சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு, 36 ஓட்டை ஹப்பும் ரிம்மும் வாங்கி, ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டு அவரிடமே கட்டினேன். தாத்தா காலத்துக் கருப்புச் சைக்கிளில் பின்னால் 40 கம்பி இருக்கும். மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. கட்டி முடித்ததும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் நன்றாக அழுத்தி, மறுபடி கோட்டம் பார்த்தார். இந்த அழுத்தும் வேலையைப் பல கடைகளில் செய்வதே இல்லை.

அதற்குப் பிறகு மழை, பனி, சந்தைச் சுமை எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒரு கம்பிகூட உடையவில்லை. இங்கத்திய ஈரத்துக்கு முலாம் பூசிய கம்பிகள் துருப்பிடித்து நிப்பிள் இறுகிவிடும், அதனால் ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குங்கள். அவ்வப்போது நிப்பிளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். ரிம்மில் பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும், பிரேக் வழுக்கும். எடை கொஞ்சம் கூடியது உண்மைதான். கேத்தி பக்கம் ஏறும்போதுகூட எனக்கு அது தெரியவில்லை. பந்தயம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியலாம்.