பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள்: டென்ஷனர், ஐட்லரோடு வரும் செட் எப்படி?

கார் இன்ஜினில் இன்னும் பலர் ஃபேன் பெல்ட் என்றே சொல்லும் அந்த நீளமான ரிப் பெல்ட்டை (உள்பக்கம் நீளவாக்கில் ரிப், அதாவது மேடுகள் உள்ள பெல்ட்) மாற்றப் போகிறீர்கள் என்றால், பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், அதற்கு வழிகாட்டிச் சும்மா சுற்றும் ஐட்லர் புல்லியும் ஒரே பெட்டியில் வரும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். நானே வாங்கி, நானே மாட்டி, நல்ல வெயிலிலும் கொட்டும் மழையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் பழைய பெல்ட். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். ஏசியைப் போட்டால் மறுபடி எட்டிப் பார்க்கும். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பெல்ட்டில் ஒரு வெடிப்புகூட இல்லை. நிறையப் பேர் "நல்லாத்தானே இருக்கு" என்று மூடிவிடுவது இந்த இடத்தில்தான். நியோப்ரீன் ரப்பரில் பெல்ட் வந்த காலத்தில் வெடிப்பைப் பார்த்து முடிவு செய்யலாம். 1990களுக்குப் பிறகு படிப்படியாக வந்த ஈபிடிஎம் ரப்பர் அவ்வளவு எளிதில் வெடிக்காது. டயர் தேய்வதுபோல உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே போகும். புது பெல்ட்டில் ரிப்களுக்கு நடுவே இருக்கும் பள்ளம் ஆங்கில 'வி' மாதிரி கூர்மையாக இருக்கும். தேய்ந்ததில் அடி அகன்று 'யு' மாதிரி ஆகிவிடும். அப்போது புல்லியின் முனை பள்ளத்தின் அடியிலேயே போய் இடிக்கும், பக்கவாட்டுப் பிடி போய்விடும். மழைத் தண்ணீர் ஒதுங்கவும் இடம் இருக்காது. கண்ணால் பார்த்து இதைச் சொல்வது கஷ்டம். பள்ளத்தில் வைத்துப் பார்க்கும் சின்ன பிளாஸ்டிக் கேஜ் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

தண்ணீர் சோதனையும் செய்தேன். இன்ஜின் ஓடும்போது, சற்றுத் தள்ளி நின்று பெல்ட்டின் ரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், சத்தம் அடங்கிப் பிறகு திரும்ப வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இழுவிசை போதவில்லை. என் காரில் கூடியது. தயவுசெய்து சத்தத்தை அடக்க ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள். கோளாறு அப்படியே இருக்கும், தூசியும் ஒட்டும்.

இனி செட்டைப் பற்றி. பெல்ட்டின் முதுகில் இருந்த எண் பழையதோடு அப்படியே ஒத்துப்போனது. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது: 6பிகே1750 என்றால் 6 ரிப், நீளம் 1750 மில்லிமீட்டர். ரிப் வார்ப்பு சுத்தமாக இருந்தது, ஓரத்தில் நூல் எதுவும் பிரியவில்லை. டென்ஷனரின் கையை (ஸ்பிரிங்கில் நகரும் ஆர்ம்) இழுத்த நிலையிலேயே ஒரு பின் குத்திப் பூட்டி அனுப்பியிருந்தார்கள். இது பெரிய உதவி. பெல்ட்டை மாட்டி முடித்துவிட்டு, ஸ்பேனரால் டென்ஷனர் கையைத் தாங்கிப் பிடித்து, பின்னை உருவி, மெதுவாக விட்டால் போதும். சட்டென்று விட்டுவிடாதீர்கள், விரல் நடுவில் மாட்டினால் அவ்வளவுதான்.

பழைய ஐட்லரைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றியபோதுதான் இந்தச் செட்டின் மதிப்பு புரிந்தது. பழையது வறண்ட சத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே கிரீஸ் காலி. புதியதைச் சுற்றினால் சத்தமே இல்லாமல், லேசான கனத்தோடு சீக்கிரம் நிற்கிறது. பேரிங் அப்படித்தான் இருக்க வேண்டும். பழைய டென்ஷனர் கையும் வழவழவென்று நகராமல் நடுவில் ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கி வந்தது. இதன் மேல் புது பெல்ட்டை மாட்டியிருந்தால் சத்தம் கொஞ்ச நாளில் திரும்பியிருக்கும்.

மாட்டுவது பெரிய வித்தையில்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெல்ட் எந்தப் புல்லியைச் சுற்றி எப்படிப் போகிறது என்று போட்டோ எடுங்கள். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் புல்லிகளையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஆயில், கூலன்ட் கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் புது பெல்ட்டும் ஊறிக் கெட்டுப்போகும். பள்ளம் இல்லாத வழவழப்பான புல்லியைக் கடைசிக்கு வையுங்கள், பெல்ட் சுலபமாக ஏறும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒவ்வொரு புல்லியிலும் எல்லா ரிப்பும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு ரிப் விலகியிருந்தாலும் பெல்ட் ஓரம் பிய்ந்துவிடும்.

குறை என்றால் உள்ளே வைத்திருந்த தாள்தான். படம் இருக்கிறது, போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும் என்பது இல்லை. சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. சில இன்ஜின்களில் இந்தப் போல்ட் இடது மரையாக இருக்கும், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். அதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. தெரியாதவர் பலம் போட்டால் போல்ட்டே முறிந்துவிடும். செட் விற்பவர்கள் இதை அச்சடித்தே ஆக வேண்டும்.

மாட்டிய பிறகு ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்த்தேன். துளி சத்தம் இல்லை. டென்ஷனர் முள் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கிறது. கனமழையில் தேங்கிய தண்ணீரைக் கடந்தபோதும் அமைதிதான். என் பார்வையில் 5க்கு 4.

ஒன்று கவனியுங்கள்: சில கார்களில் டென்ஷனரே கிடையாது, இழுத்து மாட்டும் எலாஸ்டிக் பெல்ட் வரும். அதற்கு இந்தச் செட் பொருந்தாது. அந்தப் பெல்ட்டை மாட்டத் தனிக் கருவி வேண்டும், ஒருமுறை கழற்றினால் திரும்ப மாட்டவும் கூடாது.