துடைத்து வைப்பதா, புதிதாய்த் தொடங்குவதா: கேவிஎம் சோதனைகளில் ரிஜிஸ்டர்களை மீட்கும் வழிகள்

சில வாரங்களுக்கு முன்பு, கேவிஎம்முக்கான (லினக்ஸில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் பகுதி) என் சோதனைத் தொகுப்பைப் பிரித்துப் போட்டுத் திரும்ப அடுக்கினேன். அதுவரை நாற்பது சொச்சம் சோதனைகள் ஒரே பைனரியில் இருந்தன. ஒவ்வொன்றும் செயலியின் ரிஜிஸ்டர்களை (செயலி தன் நிலையையும் மதிப்புகளையும் வைத்திருக்கும் சிறு இடங்கள்) கலைக்கும். போகும்போது பழைய மதிப்பை எழுதிவிட்டுப் போகும். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மெய்நிகர் இயந்திரம் எழுந்து, ஓடி, செத்துப்போகிறது. மாறியது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வழிகள் மூன்று. சோதனையே தான் தொட்டதைச் சேமித்து, முடிவில் திருப்பி எழுதுவது. ஒவ்வொரு சோதனைக்கும் இயந்திரத்தைப் புதிதாகப் பூட் செய்வது. வெளியிலிருந்து ஸ்னாப்ஷாட் (இயந்திரத்தின் அந்தக் கண நிலையின் நகல்) எடுத்து, ஒவ்வொரு முறையும் அதற்கே திரும்புவது.

முதல் வழிதான் வேகம், அதில் சந்தேகமே இல்லை. நான்கு வரி கூடுதல், அவ்வளவுதான். சோதனை நடுவில் ஃபால்ட் (செயலி எழுப்பும் பிழை) ஆகி வெளியே குதித்தால் அந்த நான்கு வரியும் ஓடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. அதற்கு ஒரு உறை எழுதிச் சமாளிக்கலாம். என்னைக் கவிழ்த்தது வேறு.

ஏபிக் (செயலிக்கு வரும் இன்டரப்ட்டுகளைக் கையாளும் பகுதி, டைமரும் அதில்தான்) சோதனை ஒன்று எழுதியிருந்தேன். ஏபிக் பேஸ் ரிஜிஸ்டரைச் சேமித்துக்கொண்டு எக்ஸ்2ஏபிக் என்ற அதன் புதிய நிலைக்குப் போகும், வேலையை முடிக்கும், பழைய மதிப்பை எழுதும். எழுதியதும் ஜிபி ஃபால்ட், அதாவது விதிமீறல் பிழை. எக்ஸ்2ஏபிக்கிலிருந்து நேராகப் பழைய எக்ஸ்ஏபிக்குக்கு வரச் செயலி விடாது. அந்த ரிஜிஸ்டரின் 10, 11 இரண்டு பிட்டையும் அணைத்துவிட்டு, அப்புறம் 11-ஐ மட்டும் ஏற்ற வேண்டும். சரி, அப்படியே மாற்றினேன். திரும்பப் படித்துப் பார்த்தேன், சேமித்த மதிப்பேதான். மெய்நிகர் இயந்திரத்தில் எல்லாம் பச்சை.

அதே பைனரியை கிரப் என்ற பூட்லோடர் வழியாக நிஜ இயந்திரத்தில் ஏற்றியபோது, அடுத்து வந்த டைமர் சோதனை தொங்கிவிட்டது. இரண்டு நாள் டைமர் குறியீட்டையே குடைந்தேன். தவறு அங்கே இல்லை. ஏபிக்கை அணைத்தால் அதன் முந்தைய அமைப்பு எல்லாம் போய், மின்சாரம் வந்த கணத்தில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடலாம் என்று இன்டெல் கையேடு சொல்கிறது. ‘விடலாம்’ என்ற அந்தச் சொல்லை நான் சரியாகப் படிக்கவில்லை. அந்த நிலையில் ஸ்பூரியஸ் வெக்டர் ரிஜிஸ்டரின் 8-ஆம் பிட், அதாவது ஏபிக்கை இயக்கும் பிட், சுழி. அது சுழியாக இருக்கும்வரை டைமரின் மாஸ்க்கை (இன்டரப்ட்டைத் தடுக்கும் பிட்) எத்தனை முறை நீக்கினாலும் வன்பொருள் கண்டுகொள்ளாது. ஆக, நான் மீட்டது ஒரு எண்ணை மட்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த நிலை போனது போனதுதான்.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது இதுதான். ஒரு சோதனை தோற்றால், தோற்றது அதுதானா, இல்லை அதற்கு முன்னால் ஓடியதன் எச்சமா? இந்தக் கேள்வி ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் எந்தச் சிவப்பையும் நம்ப முடியாது, பச்சையையும்தான். திரும்பப் படித்து ஒப்பிடுவது போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. டைம்ஸ்டாம்ப் கவுண்டரில் (டிஎஸ்சி, காலத்தோடு ஏறிக்கொண்டே போகும் எண்ணி) பழைய மதிப்பை எழுதினால் காலம் பின்னால் போகிறதே தவிர எதுவும் மீளவில்லை. கூடவே அதன் திருத்த அளவை வைத்திருக்கும் டிஎஸ்சி அட்ஜஸ்ட் ரிஜிஸ்டரும் அதே அளவு நகர்ந்துவிடும். செயலியின் சில வசதிகளை அனுமதிக்கும் ஃபீச்சர் கண்ட்ரோல் ரிஜிஸ்டரின் பூட்டுப் பிட்டை ஏற்றினால் ரீசெட் வரை இறங்காது. அதில் மறுபடி எழுதினாலே ஃபால்ட்.

நாம் தொடாததும் மாறும் என்பது இன்னும் மோசம். இன்டெல் விஎம்எக்ஸில் (இன்டெல் செயலியின் மெய்நிகராக்க வசதி) ஒவ்வொரு விஎம் எக்சிட்டிலும், அதாவது கெஸ்ட்டிலிருந்து (உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரம்) ஹோஸ்ட்டுக்குத் திரும்பும்போதெல்லாம், வன்பொருள் டீபக் கண்ட்ரோல் ரிஜிஸ்டரைச் சுழியாக்குகிறது. ஜிடிடி, ஐடிடி (நினைவகப் பகுதிகளுக்கும் இன்டரப்ட்டுகளுக்குமான அட்டவணைகள்) இரண்டின் லிமிட்டையும் 65,535 ஆக்கிவிடுகிறது. பிரேக்பாயிண்ட்டுகளை இயக்கும் டிஆர்7 ரிஜிஸ்டரும் தொடக்க மதிப்புக்குப் போய்விடும், அதாவது வைத்திருந்த பிரேக்பாயிண்ட் எல்லாம் அணைந்துவிடும். தனக்குள் ஒரு கிளைக் கெஸ்ட்டை ஓட்டிப் பார்க்கும் சோதனை எதுவானாலும் இதை, மீட்க வேண்டியவற்றின் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். செயலியில் புது வசதி வரும்போதெல்லாம் அந்தப் பட்டியல் நீளும். அதை யார் பராமரிப்பது? நான்தான். எனக்கு அலுத்துவிட்டது.

புதிதாகப் பூட் செய்தால் இந்தப் பட்டியலே தேவையில்லை. செலவு நேரம்தான். கேவிஎம் மேல் கியூஎமுவில் (மெய்நிகர் இயந்திரத்தை இயக்கும் நிரல்) இத்துனூண்டு கெர்னல் எழுந்து முடிய என் மடிக்கணினியில் ஒரு நொடி அளவில் ஆகிறது. கேவிஎம்-யூனிட்-டெஸ்ட்ஸ் தொகுப்பின் ஓட்டும் ஸ்கிரிப்ட்டில் பல சோதனைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் வசதி உண்டு. அதே பாணியில் நானும் நான்கு நான்காக ஓட்டுகிறேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

ஸ்னாப்ஷாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஒரு வாரம்தான் முயன்றேன். எந்தக் கேவிஎம்மைச் சோதிக்கிறோமோ அதே கேவிஎம்மின் மீட்புக் குறியீட்டை நம்பித்தான் சோதனைக் களத்தைத் துடைக்க வேண்டியிருக்கிறது. அங்கும் வரிசை முக்கியம்: லோக்கல் ஏபிக்கை (ஒவ்வொரு செயலிக்கும் உரிய ஏபிக்) மீட்பதற்கு முன்பே டிஎஸ்சி டெட்லைனை (டைமர் ஒலிக்க வேண்டிய டிஎஸ்சி மதிப்பு) எழுதினால், டைமர் இன்னும் டெட்லைன் முறையில் இல்லாததால் அந்த எழுத்து காற்றோடு போகும். மீட்பதையே சோதிக்க வேண்டுமென்றால் இது அருமையான வழி. லினக்ஸ் மூலத்தோடு வரும் கேவிஎம் செல்ஃப்டெஸ்ட்ஸில் அதற்கென்றே சோதனைகள் இருக்கின்றன.

ஏஎம்டி பக்கம் நான் ஓட்டியது பத்துப் பன்னிரண்டு சோதனைகள்தான், எனவே என் சாய்வை அங்கே அப்படியே எடுத்துப் போக வேண்டாம். ஒன்று மட்டும் பட்டது: கெஸ்ட்டுக்குள் நுழையும் விஎம்ரன் கட்டளை ஹோஸ்ட் நிலையில் ஒரு பகுதியைத்தான் தானே சேமிக்கும், எஃப்எஸ், ஜிஎஸ் போன்ற ரிஜிஸ்டர்களை விஎம்சேவ், விஎம்லோட் கட்டளைகள் போட்டு நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிஜ இயந்திரத்தில் மட்டும் நானும் பழைய வழியில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு ரீசெட்டுக்கும் ஃபர்ம்வேர் நிமிடக்கணக்கில் யோசிக்கும். நாற்பது முறை அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே ஏபிக் சோதனைக்குப் பிறகு ஸ்பூரியஸ் வெக்டரையும் டைமர் வரிசை முழுவதையும் கையால் திரும்ப எழுதுகிறேன். அப்படியும் நம்பிக்கை வராததால், அந்தச் சோதனையைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.