பதினான்கு சிட்டம் மெரினோ நூலுக்குப் பணம் கட்டி ஏமாற்றப்பட்டேன்: பின்னல் செய்வோர் கவனத்திற்கு

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று தோழிகள் சொன்னார்கள். தணியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னும் எத்தனை பேர் அதே கடையில் பணம் கட்டிவிடுவார்களோ என்ற பதற்றத்தில் இப்போதே எழுதுகிறேன். தனித்தனி விற்பனையாளர்கள் கடை விரித்துக்கொள்ள இடம் தரும் ஓர் இணையச் சந்தையில், கையால் சாயமிட்ட கம்பளி நூல் விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சிறு கடையிடம், 14 சிட்டம், அதாவது 14 கட்டு, சுத்த மெரினோ ஆட்டுக் கம்பளி நூலுக்கான முழுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்தினேன். வந்தவற்றில் 2 சிட்டம் மட்டுமே கம்பளி. மீதி 12 சிட்டமும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை, அதுவும் எடை குறைந்த அக்ரிலிக். 14 சிட்டத்தின் பணத்தில் ஒரு காசுகூட இன்றுவரை திரும்பி வரவில்லை.

எதற்கு 14 சிட்டம் என்று பின்னல் பழக்கம் இல்லாதவர்கள் கேட்கலாம். என் அக்காவுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. அவளுக்கு முன்பக்கம் திறந்த ஸ்வெட்டரான கார்டிகன் ஒன்றைக் கேபிள் பின்னலிலும், அதே நூலில் அதே நிறத்தில் குழந்தைக்கு ஒரு போர்வையும் பின்னித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கேபிள் பின்னலில் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குறுக்கே செல்வதால் சாதாரணப் பின்னலைவிட நூல் அதிகம் பிடிக்கும். சிட்டத்திற்கு 100 கிராம், 200 மீட்டர் என்ற கணக்கில் கார்டிகனுக்கு 8, போர்வைக்கு 6. இவை அனைத்தும் ஒரே தொட்டியில் சாயமேறிய ஒரே தொகுதியாக இருந்தாக வேண்டும், ஏனெனில் பாதியில் வேறு தொகுதி நூலைச் சேர்த்தால் நெஞ்சுக்கு ஒரு நிறமும் கைக்கு ஒரு நிறமுமாகத் தெரியும். அதனால்தான் சிறிது சிறிதாக வாங்காமல் 14 சிட்டத்தின் பணத்தையும் ஒரே தவணையில் கட்ட வேண்டியிருந்தது. இந்தக் கட்டாயம் நூல் விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். நேர்மையற்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இதே வழியில்தான் வருவார்கள். நான் எடுத்தவுடன் பணம் கட்டவில்லை. நூல் சூப்பர்வாஷ் செய்யப்பட்டதா, அதாவது துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தப்பட்டதா என்று முதலில் கேட்டேன். இல்லை என்றும், குளோரின் குளியலோ பிசின் பூச்சோ காணாத இயற்கைக் கம்பளி என்றும், ஆகவே வெந்நீரில் அலசிக் கசக்கினால் சுருங்கி இறுகிவிடும் என்றும், குழந்தைப் போர்வையைக் குளிர்ந்த நீரில் மென்மையாக நனைத்தே துவைக்கும்படி அக்காவிடம் சொல்லுங்கள் என்றும் பதில் வந்தது. தொழில் தெரிந்தவர் எழுதிய பதில் அது. என்ன ஊசி பயன்படுத்தப் போகிறீர்கள் என்று அவரே விசாரித்தார், 4.5 மில்லிமீட்டரில் தொடங்கிப் பாருங்கள் என்றார். பேச்சுக்குப் பேச்சு "சகோதரி" என்றார். நான் கேட்காமலேயே, "பின்னிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள் சகோதரி" என்று சொல்லி, சுமார் 20 மீட்டர் மாதிரி நூலை அஞ்சலில் அனுப்பினார்.

அந்த மாதிரி நூல் அப்பழுக்கற்ற கம்பளி. 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிகள் வந்தன. நனைத்து, குண்டூசி குத்தி, காயவைத்து எடுத்தபோது இழைகள் மலர்ந்து இடைவெளிகளை நிரப்பியிருந்தன. இழுத்துவிட்டால் சுருக்கென்று தன் வடிவத்திற்குத் திரும்பியது. ஒரு துண்டைக் கொளுத்தியும் பார்த்தேன். முடி கருகும் வாடை வந்தது, தீயை விலக்கியதும் தானே அணைந்தது, மிஞ்சிய கரி விரலில் பொடிந்தது. இத்தனையும் பார்த்துவிட்டுத்தான் நான் சரி என்றேன். அந்தச் சாயத் தொகுதியில் மீதமிருப்பது இவ்வளவுதான் என்று 14 சிட்டங்களையும் வரிசையாக அடுக்கி, என் ஆர்டர் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் வந்தது. அன்றே பணம் செலுத்தினேன். ஒரு நூலைச் சோதிக்க வீட்டில் இருக்கும் ஒருவரால் இதற்குமேல் என்ன செய்ய முடியும்? உண்மையான மாதிரியை முதலில் கொடுத்துச் சோதனை அனைத்தையும் அதன்மேலேயே செய்ய வைத்துவிட்டு, பொய்யான சரக்கைப் பின்னால் அனுப்புவது திட்டமிட்ட மோசடி.

பொட்டலம் வந்தது. காற்றை உறிஞ்சி இறுக்கிய பையில் நூல். மேலே இருந்த 2 சிட்டமும் மாதிரியைப் போலவே இருந்தன. எல்லா லேபிளிலும் ஒரே கையெழுத்து, ஒரே சாயத் தொகுதி எண். வட்ட ஊசியில் பாதி முடிந்த ஒரு லேஸ் சால்வை இருந்தது. அதன் கண்ணிகளை ஒரு மீதி நூலில் கோத்து ஒதுக்கி வைத்துவிட்டுக் கார்டிகனைத் தொடங்கினேன். முதுகுப்பகுதி அழகாக வளர்ந்தது. முதல் சிட்டம் முடிந்து இரண்டாவதைச் சேர்க்கும்போது, சூப்பர்வாஷ் செய்யாத கம்பளிக்கு வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்: இரண்டு முனைகளையும் சிறிது பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, நீர் தொட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே சூடேறத் தேய்த்தேன். கம்பளி இழையின் மேல் உள்ள செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள, முனைகள் இரண்டும் ஒரே நூலாயின. முடிச்சே தேவைப்படவில்லை.

மூன்றாவது சிட்டத்தின் முனை ஒட்டவில்லை. மறுபடி நனைத்தேன், மறுபடி தேய்த்தேன். கை சூடேறியதே தவிர, புதிய முனை வழவழவென்று நழுவி வெளியே வந்து, நனைந்த பட்டுக்குஞ்சம் போலத் தொங்கியது. அந்தக் கணத்தில் வயிற்றைப் பிசைந்தது. எழுந்து போய் மீதமிருந்த சிட்டங்களை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். விளக்கொளியில் ஒன்றாகத் தெரிந்த நிறம் பகலில் இரண்டாகப் பிரிந்தது: பின்னி முடித்த பகுதி ஆழ்ந்த நீலம், பையிலிருந்தது ஊதா சாய்ந்த நீலம். கம்பளி பிடிக்கும் சாயம் வேறு, அக்ரிலிக் பிடிக்கும் சாயம் வேறு. ஒரு வெளிச்சத்தில் பொருந்தினாலும் இன்னொரு வெளிச்சத்தில் பொருந்தாமல் போவது இதனால்தான். ஒரே தொகுதி எண்ணை எல்லா லேபிளிலும் கையால் எழுதிவிட்டால் ஒரே தொட்டிச் சாயம் ஆகிவிடுமா?

மூன்றாவது சிட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொளுத்தினேன். குபீரென்று பற்றியது, உருகிச் சொட்டியது, ஆறிய பிறகு நகத்தால் நசுக்க முடியாத கறுத்த மணியாக உறைந்தது. குளோரின் ப்ளீச்சில் மாதிரியின் மிச்சத்தையும் இதையும் தனித்தனிக் கிண்ணங்களில் ஊறவைத்தேன். கம்பளி புரத இழை என்பதால் கரைந்து காணாமல் போனது; இதுவோ நிறம் மட்டும் வெளிறி முழுசாக மிதந்தது. எடை போட்டேன்: 100 கிராம் என்று எழுதிய சிட்டம் 81 கிராம். முறுக்கவிழ்த்து வளையமாக விரித்து அளந்தேன்: சுற்றளவு 1.6 மீட்டர், சுற்றுகள் 100. ஆக, 200 மீட்டர் என்று விற்ற இடத்தில் 160 மீட்டர். 12 சிட்டமும் ஏறக்குறைய இப்படியே. 14 சிட்டத்தின் பணத்தை வாங்கிக்கொண்டு, அக்ரிலிக்கைக்கூட அளவு சரியாகக் கொடுக்க மனம் வரவில்லை அவருக்கு.

படங்களுடன் எழுதினேன். முதல் பதில், "இன்னும் சூடான நீரில் தேய்த்துப் பாருங்கள் சகோதரி." எடையைக் காட்டியதும், கம்பளி ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்றும், உங்கள் வீட்டுக் காற்று வறண்டிருப்பதால் எடை குறைந்திருக்கும் என்றும் பதில் வந்தது. இந்தப் பதிலை நான் விடப் போவதில்லை. கம்பளி ஈரம் பிடிக்கும் என்பது உண்மைதான். வழக்கமான நிலையில் அதன் உலர்ந்த எடையில் 16 முதல் 18 விழுக்காடு வரை ஈரம் இருக்கும். ஆனால் 100 கிராம் கம்பளியிலிருந்து கடைசித் துளி ஈரத்தையும் அடுப்பில் வைத்து விரட்டினால்கூட ஏறத்தாழ 85 கிராம் மிஞ்சும். என் தராசில் இருப்பது 81. அக்ரிலிக்கோ ஈரமே அதிகம் பிடிக்காது; ஆகவே இது கம்பளி என்று அவர் வாதிட்டாலும் கணக்கு உதைக்கிறது, அக்ரிலிக் என்று ஒப்புக்கொண்டாலும் உதைக்கிறது. இதை எழுதி அனுப்பியதும் "சகோதரி" மறைந்து "வாடிக்கையாளர்" ஆனேன். கையால் சாயமிடும்போது வேறுபாடு இயல்பு என்று ஒரு பதில். 2 சிட்டத்தை உருண்டையாகச் சுற்றிப் பின்னிவிட்டதால் இது பயன்படுத்திய சரக்கு, திரும்பப் பெற முடியாது என்று இன்னொரு பதில். பின்னாமல் பையிலேயே இருக்கும் 12 சிட்டத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

சந்தை நடத்தும் நிறுவனத்திடம் போனால் அங்கே மனிதர்களே இல்லை. முறையீட்டுப் பக்கத்தில் முதல் கேள்வி, "பொருள் வந்து சேர்ந்ததா?" ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். உண்மையைச் சொல்லி "ஆம்" என்று அழுத்தினால், "உங்கள் சிக்கல் தீர்ந்ததில் மகிழ்ச்சி" என்று முறையீடு மூடிக்கொள்கிறது. ஒருவழியாக ஒரு மனிதரின் மின்னஞ்சலைப் பெற்றபோது, முறையிடுவதற்கான காலவரம்பு கடந்துவிட்டது என்றும், விற்பனையாளருடன் நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்வதே நல்லது என்றும் பரிந்துரை வந்தது. யார் என்னை ஏமாற்றினாரோ அவரிடமே போய்ப் பேசு என்பதற்கு ஒரு நிறுவனம் எதற்கு? ஒவ்வொரு விற்பனையிலும் அவர்களுக்குத் தரகு உண்டு; என் 14 சிட்டத்தின் பணத்திலும் அவர்கள் பங்கு எடுத்திருப்பார்கள். நான் கடைப்பக்கத்தில் எழுதிய மதிப்புரை, படங்களோடு சேர்த்து, "நெறிமுறைக்கு மாறானது" என்று நீக்கப்பட்டுவிட்டது. அதே நீல நூலின் அதே படத்தை வைத்துக்கொண்டு விற்பனை மட்டும் இன்றும் நடக்கிறது. அட்டை வழங்கிய வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன்; முடிவு வரவில்லை.

கார்டிகனின் முதுகு அக்குள் வரை வந்து ஊசியிலேயே நிற்கிறது. முன்பக்கங்களுக்கும் கைகளுக்கும் நூல் இல்லை. அந்த நீலத்தை வேறெங்கும் பெற முடியாது, ஆகவே நல்லதாக வந்த 2 சிட்டமும் வீண்தான். ஏமாற்றிய கணக்கை நான் 12 என்று எழுதாமல் 14 சிட்டத்தின் பணம் என்றே எழுதுவது இதனால்தான். குழந்தைக்கு இந்த அக்ரிலிக்கில் போர்வை பின்னும் எண்ணம் எனக்கு இல்லை. அக்ரிலிக்கில் எத்தனையோ நல்ல வேலைகள் நடக்கின்றன, எனக்கும் அது பிடித்த நூல்தான், ஆனால் நான் கம்பளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது: அது எளிதில் தீப்பற்றாது, பற்றினாலும் உருகித் தோலில் ஒட்டாது, ஈரத்தை உள்வாங்கியும் உடலைக் குளிரவிடாது. பிறந்த குழந்தையின் மேல் எது படும் என்பதைப் பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அக்காவுக்கு நாள் நெருங்குகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் நிலைகொள்ளவில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மாதிரி நூல் நன்றாக இருந்தது என்பதை முழுச் சரக்குக்கும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொட்டலத்தைப் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள். ஒவ்வொரு சிட்டத்தையும், குறிப்பாக அடியில் இருப்பவற்றை, எடை போட்டு, பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் முனையிலிருந்தும் ஒரு துண்டை உலோகத் தட்டின்மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். சூப்பர்வாஷ் கம்பளியும் தேய்த்தால் ஒட்டாது, ஆகவே முனை ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். தீயிலும் ப்ளீச்சிலும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இதெல்லாம் முடியும்வரை எதையும் உருண்டையாகச் சுற்றாதீர்கள், சந்தையின் பக்கத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்பதை அழுத்தாதீர்கள். முறையிடும் காலவரம்பு எத்தனை நாள் என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். சாயத் தொகுதியில் மீதமிருப்பது இவ்வளவுதான் என்று அவசரப்படுத்தி, 14 சிட்டத்தையும் ஒரே படத்தில் அடுக்கிக் காட்டி, முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கும் கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.