அலாரா, கரின்யானா: கியூபெக் ரீலை யாரிடம் கேட்பது?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஃபிடிலில், அதாவது வயலினில், வாசிக்கும் ரீல் எனும் வேகமான நடன மெட்டுகளைக் கேட்கத் தொடங்குபவர் முன் இரு பெயர்கள் நிற்கும். ஜோசப் அலார் 1920களின் இறுதியில் விக்டர் நிறுவனத்துக்காக நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளில் வாசித்தவர். அவரிடம் கற்ற ழான் கரின்யான், மான்ட்ரியலில் டாக்ஸி ஓட்டிக்கொண்டே நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுகளின் காலத்தில் புகழ்பெற்றவர்.

அலாரின் தட்டில் இரைச்சல் உண்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். ஆனாலும் மெட்டின் எலும்புக்கூடு தெளிவாகக் கேட்கும்.

கரின்யானிடம் வேகம், உட்கார்ந்தபடியே தாளமிடும் கால்கள், துள்ளும் வில். ஐரிஷ், ஸ்காட்டிஷ் தட்டுகளையும் கேட்டுத் தேறிய கை அது. அவர் வாசித்த 'ரீல் டு பாண்டு', தூக்குத் தண்டனைக் கைதியின் ரீல், தனி ரகம். அதற்குத் தந்திகளின் சுருதியையே மாற்றிக் கூட்ட வேண்டும்: கீழிரண்டையும் ஒரு முழுச் சுரம் ஏற்றி, உச்சித் தந்தியை ஒன்றரைச் சுரம் இறக்கினால், விரல் வைக்காமலே ஏ மேஜர் என்ற சுரக்கூட்டு ஒலிக்கும். ஃபிடிலே தொட்டறியாத கைதி வாசித்துத் தப்பினான் என்ற கதை இந்தச் சுருதிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது!

வியக்க வேண்டுமானால் கரின்யான். வாசிக்கப் பழகுபவருக்கு, இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு அலாரைத்தான் சொல்வேன். கரின்யானின் வேகத்தில் மெட்டைப் பிடிப்பதற்குள் அது முடிந்துவிடும்.