கல்லூரி படித்துக்கொண்டே கேட் பயிற்சியா? ‘வீக்எண்ட் பேட்ச்’சுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் டிகிரி கடைசி வருஷப் பிள்ளைகளைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. ஐஐஎம்களில் எம்பிஏ சேர எழுதும் கேட் தேர்வுக்கு (பொறியியல்காரர்கள் எழுதும் கேட் வேறு) சனி, ஞாயிறு வகுப்பாக ‘காலேஜ் ஸ்டூடண்ட்ஸ் ஸ்பெஷல் பேட்ச்’. அப்படி ஒரு சென்டரில் சேர்ந்தவர்கள் வகுப்பும் இல்லாமல், மாதாமாதம் கடனும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சென்டர் பெயர் வேண்டாம். போர்டு மாறினாலும் முறை ஒன்றுதான்.

கேட் நவம்பர் கடைசி வாக்கில் ஒரு ஞாயிறன்று நடக்கும். நம் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்வும் அதை ஒட்டித்தான் வரும். நடுவில் வடகிழக்குப் பருவமழை. கலெக்டர் விடுமுறை விட்டால், அதை ஈடுகட்டச் சனிக்கிழமை கல்லூரி வைப்பார்கள். கல்லூரிக்குப் போனால் பயிற்சி போச்சு, பயிற்சிக்குப் போனால் 75 சதவீத அட்டென்டன்ஸ் அடிவாங்கும். நீங்கள் தவறவிட்டாலும் சென்டர் கணக்கில் அது ‘நடத்திய வகுப்பு’. மழைக்கு அவர்களே மூடிய நாளிலும் ஒரு பழைய ரெக்கார்டிங் லிங்க் வரும், அதுவும் வகுப்புதானாம். தவறிய வகுப்புக்கு மாற்று வகுப்பு எப்போது என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

அடுத்தது மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு. ‘40 மாக்’ என்று நோட்டீஸில் இருக்கும். ஒன்றைத் திறந்து கேள்விகளை எண்ணிப் பாருங்கள். மூன்று பிரிவில் 34, 32, 34 என்று மொத்தம் 100 கேள்வி, 3 மணி நேரம் என்றிருந்தால் அது 2019 வரை இருந்த பழைய வடிவம். 2020 முதல் தேர்வு 2 மணி நேரம்தான், பிரிவுக்கு 40 நிமிடம். 2024-இல் மொத்தம் 68 கேள்வி. கேள்வி குறைந்ததுதானே என்று விட முடியாது. டேட்டா இன்டர்பிரிடேஷன் - லாஜிக்கல் ரீசனிங் பிரிவில் பழைய தாளில் 8 செட் (ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விகளின் தொகுப்பு), 2024 தாளில் 5. எந்த செட்டைத் தொடுவது, எதை விடுவது என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது. பழைய தாளில் பழகியவர் 40 நிமிடத்தில் திணறுவார். அதிலும் ஜெராக்ஸ் தாளில் மாக் வைப்பது மகா கொடுமை. திரையில் வரும் கால்குலேட்டர், விடையை டைப் செய்யும் கேள்விகள் (இவற்றுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குத் தவறினால் 1 மார்க் போகும்) எல்லாம் கணினியில் பழகவேண்டியவை. கேட் நடத்தும் ஐஐஎம் தன் தளத்தில் மாதிரித் தேர்வை இலவசமாகவே தருகிறது.

பெரிய வில்லங்கம் கட்டணத்தில். ‘வட்டியில்லா தவணை’ என்பார்கள். அட்மிஷன் ஃபார்ம் என்று டேப்லெட்டை நீட்டி பான் எண், செல்ஃபி, ஓடிபி கேட்டால் கையை எடுத்துவிடுங்கள். ஓடிபி வந்த எஸ்எம்எஸ்ஸை முழுசாகப் படித்தால் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அது உங்கள் பெயரில் கடன். மொத்தக் கட்டணமும் அன்றைக்கே சென்டருக்குப் போய்விடும், வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது. கோபத்தில் தவணையை நிறுத்தினால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) விழும். நாளைக்கு ஐஐஎம்மில் சீட் கிடைத்து வங்கியில் கல்விக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

கையெழுத்துப் போட்டாச்சு என்றால் அன்றே கடன் ஒப்பந்தத்தில் ‘கூலிங் ஆஃப்’ காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஒரு நாள் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி வெளியேறலாம். ஆனால் சென்டருக்குப் போன பணத்தைத் திருப்பி வாங்குவது உங்கள் பாடு. நாள் கடந்திருந்தால் சென்டருக்கும் நிதி நிறுவனத்துக்கும் ஒரே நாளில் மெயில் அனுப்புங்கள். நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் இல்லை. பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளில் தரவேண்டும் என்று மத்திய அரசின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. அது சட்டம் அல்ல, ஆனாலும் மெயிலில் குறிப்பிடுங்கள்.

அதற்கும் சென்டர் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ரசீது, நோட்டீஸ், டைம்டேபிள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பணம் திருப்பிக் கேட்பதற்கு முன்பே வாட்ஸ்அப் குரூப் சாட்டை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். கேட்ட அன்றைக்கே குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள், ‘இன்று வகுப்பு இல்லை’ என்று அவர்களே அண்மையில் போட்ட மெசேஜையும் அழித்துவிடலாம்.